வேட்டும் வீடும்

விரிசல் என்ற சொல்லைக் கதை எழுதுகிறவர்கள் வெகு தாராளமாகச் செலவழித்திருக்கிறோம். மாமியாருக்கும் மருமகளுக்கும் விரிசல். அண்ணன் தம்பிக்குள் விரிசல். காதலர் இருவருக்கிடையே மயிரிழை விரிசல். ஆனால் நிஜமான சுவரில் விழும் நிஜமான விரிசலைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. அது கொத்தனாரின் விவகாரம் என்று விட்டுவிட்டோம்.

பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒருவன் வீடு கட்டுகிறான். சுண்ணாம்பு காய்ந்து, வர்ணம் பூசி, கிரகப்பிரவேசமும் ஆகிவிட்டது. ஒரு நாள் ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுக் கூரையை நோக்கி ஏறுகிறது. வீட்டுக்காரன் அதைப் பென்சிலால் குறித்து வைத்து, தினமும் காலையில் போய்ப் பார்க்கிறான். "யார் செய்தது?" என்ற ஒரே கேள்விதான் அவன் மனத்தில் இருக்கிறது. ஊருக்கு அருகில் கல்லுடைக்கும் குவாரியோ திறந்தவெளிச் சுரங்கமோ இருந்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலும் தயாராக இருக்கும். "வேட்டு வைக்கிறார்களே, அதுதான்" என்பான். சுரங்கத்து என்ஜினீயரைக் கேட்டால், "நாங்கள் வைத்த வேட்டு அளவுக்கு உட்பட்டதுதான்" என்பார்.

அவர் சொல்லும் அந்த "அளவு" எங்கே பிறந்தது? யாருடைய வீட்டை ஆட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள்? வேட்டு வைப்பதற்கு முன்பே, இத்தனை தூரத்தில் இருக்கும் வீடு இவ்வளவு ஆடும் என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது அயர்லாந்தின் கடற்கரையில் தொடங்கிக் கானடா வழியாக நம் நெய்வேலிக்கு வந்து சேர்கிறது. இருந்தாலும் நான் நெய்வேலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நமக்குத் தெரிந்த ஊர் அதுதான்.

பழைய தென்னாற்காடு ஜில்லாவில், விருத்தாசலத்துக்குக் கிழக்கே, செம்மண்ணும் முந்திரித் தோப்புமாகக் கிடந்த பூமி அது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் துளைக்கிணறு போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. வேறொருவராக இருந்தால் சேறு என்று கழுவித் தள்ளியிருப்பார். முதலியார் அதைச் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டு போனார். 1940-களில் இந்திய நிலவியல் துறையார் துளையிட்டுப் பார்த்து, கீழே பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உறுதி செய்தார்கள். 1956 நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலம் அது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றி அகற்றி, 1961 ஆகஸ்டில் கரியின் கறுப்பு முகத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. 2016 முதல் அந்த ஸ்தாபனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட்.

நான்கு வரிகளில் இதைச் சொல்லிவிட்டேன். பூமி அவ்வளவு சுலபமாக இடம் கொடுத்துவிடவில்லை. முதல் சங்கடம் தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே அடைபட்டுக் கிடந்த ஊற்று நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்திக் கொண்டிருந்தது. மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், அந்த நீர் கரியையே பெயர்த்துக் கொண்டு பொங்கிவிடும். சுற்றிலும் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே தோண்ட முடிந்தது. எத்தனை கிணறு, எவ்வளவு இறைப்பு என்பதைச் சீமைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இந்த மண்ணில் கிணறு போட்டு, இறைத்து, அழுத்தம் இறங்குவதை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். பிறகு வேண்டியிருக்கும்.

இரண்டாவது சங்கடம் பாறை. கரிக்கு மேலே கிடந்தது வெறும் மண்ணல்ல. கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் பெயரிட்ட படிவம். பல இடங்களில் அது கெட்டியானது. எல்லாவற்றுக்கும் மேலாக அரத்தைப் போல் தேய்க்கும் குணமுள்ளது. ஜெர்மனியிலிருந்து பிரம்மாண்டமான சக்கர யந்திரங்கள் வந்தன. ராட்டினம்போல் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக வாளிகள். ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் எஃகுப் பற்கள். ஜெர்மனியின் மிருதுவான மண்ணை வெண்ணெய்போல் வழித்தெடுத்த ஜாதி அது. நெய்வேலி மணற்பாறையைக் கடித்தபோது பற்கள் தேய்ந்தன, உடைந்தன. ஆகையால் பாறையில் முதலில் துளையிட்டு, மருந்து கெட்டித்து, வேட்டு வைத்து இளக்குவது, பிறகு சக்கரத்தை விடுவது என்ற முறை ஏற்பட்டது. யந்திரத்தின் பற்கள் பிழைத்தன. ஆனால் வேட்டின் சக்தி முழுவதும் பாறையை உடைப்பதில் செலவாவதில்லை. எஞ்சியது பூமிக்குள் இறங்கி நாலா திசையிலும் நடக்கிறது. போகிற வழியில் வீடுகளின் அஸ்திவாரத்தைத் தொடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கிணறு வெட்டுகிறவர்கள் தமர் அடித்துத் தோட்டா வைத்து, "வேட்டு! வேட்டு!" என்று கூவி, கிணறு வெட்டி முடிந்ததும் போய்விடுவார்கள். திறந்தவெளிச் சுரங்கம் அப்படிப் போய்விடுவதில்லை. முன்னால் தோண்டிய மண்ணைப் பின்னால் கொட்டிக் கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு அது இடம் பெயர்கிறது. நேற்று தொலைவில் கேட்ட வேட்டு நாளை பக்கத்தில் கேட்கும். எதிரே இருக்கும் ஊருக்கும் சுரங்கத்துக்கும் உள்ள தூரம் என்பது நிலையான எண் அல்ல. அதனால்தான் முன்கூட்டிச் சொல்லும் வித்தை அவசியமாகிறது. ஆடிய பிறகு அளந்து சொல்வதால் விழுந்த விரிசல் மூடிக் கொள்ளாது.

வேட்டின் அதிர்ச்சியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ராபர்ட் மாலெட் என்ற அயர்லாந்து என்ஜினீயர். அவருடைய கவலை வீடுகளைப் பற்றியதல்ல, பூகம்பத்தைப் பற்றியது. பூகம்பம் வரும் வரையில் காத்திருக்கப் பொறுமையின்றி, 1849-ல் டப்ளின் நகருக்கு அருகே கில்லினி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்துக் கொளுத்தினார். தொலைவில் ஒரு கிண்ணத்தில் பாதரசம். பூமி ஆடினால் பாதரசத்தின் மேல் தெரியும் பிம்பம் கலையும். கொளுத்திய நேரத்துக்கும் பிம்பம் கலைந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். ஈர மணலில் அதிர்ச்சி வினாடிக்குச் சுமார் 825 அடி வேகத்தில் சென்றது. பக்கத்திலுள்ள டால்கியில் கருங்கல்லில் செய்து பார்த்தபோது சுமார் 1,665 அடி. பிறகு, வேல்ஸ் நாட்டின் ஹோலிஹெட் துறைமுகத்துக்குக் கல்லெடுத்த குவாரியில் டன் கணக்கில் மருந்து வைத்த பெரிய வேட்டுகளையும் அவர் அளந்தார்.

அந்த வேகங்கள் அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. எண்கள் எப்படியிருந்தாலும், வேட்டு ஒன்றாக இருக்கலாம், மண் ஒன்றல்ல என்பது அன்றைக்கே வெளிப்பட்டுவிட்டது. மணல் ஒரு விதமாகவும் கல் ஒரு விதமாகவும் அதிர்ச்சியைக் கடத்துகின்றன. பின்னால் வந்த நூறாண்டு சரித்திரத்தில் பாதி, இந்த எளிய உண்மையை மறப்பதும் மறுபடி கற்றுக் கொள்வதுமாகவே கழிந்தது.

1867-ல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்கு உரிமை பெற்றார். குவாரிகள் பெருகின, நகரங்களும் பெருகின. ஒன்றின் வேலி மற்றொன்றின் கொல்லையைத் தொட்டது. வழக்குகள் வந்தன. அமெரிக்காவின் சுரங்கத் துறையார் 1930-களில் இதை ஆராய முற்பட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. சாதாரணக் குவாரி வேட்டினால் வீடுகள் சேதமாவதைக் காண்பதே அவர்களுக்கு அரிதாயிருந்தது. ஆகவே யந்திரத்தைப் பொருத்தி வீடுகளைக் குலுக்கிப் பார்த்தார்கள். தோனென், விண்டஸ் என்ற இருவர் 1942-ல் வெளியிட்ட முடிவில், அதிர்வின் முடுக்கத்தை அளவுகோலாக வைத்தார்கள். பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் பயமில்லை, முழுப் பங்கைத் தாண்டினால் சேதம், நடுவில் எச்சரிக்கை.

இதற்கு முன்பே, 1931-ல், ஜெர்மனியில் ரைஹர், மைஸ்டர் என்ற இருவர் வேறொரு காரியம் செய்திருந்தார்கள். அவர்கள் ஆட்டியது வீட்டை அல்ல, மனிதர்களை. ஆடும் மேடையில் ஆட்களை நிற்க வைத்தும் படுக்க வைத்தும், எப்போது தெரிகிறது, எப்போது தொந்தரவாகிறது என்று கேட்டுக் குறித்துக் கொண்டார்கள். மனித சரீரம் வெகு நுட்பமான கருவி என்று தெரிய வந்தது. வினாடிக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் தரை அசைந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். சுவர் அதைப்போல் பல மடங்கு தாங்கும். சுவர் அறியாத அதிர்ச்சியை அதன் நிழலில் படுத்திருப்பவன் அறிகிறான். வழக்கின் வித்து இங்கேதான் இருக்கிறது.

அடுத்த கட்டம் 1958-ல் வந்தது. ஸ்வீடனில் லாங்கெஃபோர்ஸ், வெஸ்டர்பெர்க், கீல்ஸ்ட்ரோம் ஆகிய மூவர், முடுக்கத்தை விட்டுவிட்டு, தரையின் ஒரு துகள் எவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் போய் வருகிறது என்பதே சேதத்தோடு பொருந்துகிறது என்றார்கள். இதை அதிர்ச்சி ஓடும் வேகத்தோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. ஏரியில் கல்லெறிந்தால் அலை கரையை நோக்கி ஓடும். மிதக்கும் சருகு இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். சருகின் வேகம்தான் இங்கே கணக்கு. ஸ்வீடனில் வினாடிக்கு 71 மில்லிமீட்டர் வரையில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை என்று கண்டார்கள். ஆனால் அந்த வீடுகள் கெட்டிப் பாறைமேல் நின்றவை.

அதே காலத்தில் கானடாவில் ஒரு பரிசோதனை நடந்தது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் மனத்தைத் தைத்த இடம் அதுதான். செயின்ட் லாரன்ஸ் நதியில் கப்பல் பாதைக்கும் மின்சாரத்துக்குமாக அணை கட்டிக் கொண்டிருந்தார்கள். நதிக்கரையில் ஒன்டேரியோ மாகாணத்துக் கிராமங்கள் பல நீரில் மூழ்க வேண்டும். சுமார் 6,500 பேர் இடம் பெயர்ந்தார்கள். 1958 ஜூலை முதல் தேதி நீர் பெருகி அந்த ஊர்கள் மறைந்தன. மறைவதற்கு முன், ஆட்கள் காலி செய்துவிட்ட வீடுகளில் ஆறு கட்டடங்களை எட்வர்ட்ஸ், நார்த்வுட் என்ற இருவர் கேட்டு வாங்கிக் கொண்டார்கள். சில, மிருதுவான மணலும் களியும் கலந்த மண்மேல் நின்றவை. சில, பனிப்பாறை அழுத்திக் கெட்டியாக்கிய மண்மேல் நின்றவை. பக்கத்தில் துளையிட்டு மருந்து வைத்து, கிட்டக் கிட்டக் கொண்டு வந்து, சுவர் பிளக்கும் வரையில் ஆட்டினார்கள். எப்படியும் மூழ்கப் போகிற வீடுதானே! வினாடிக்கு 4 அங்குலத்துக்கு மேல் போனால் சேதம் நேரலாம், 2 அங்குலத்துக்குள் இருந்தால் பயமில்லை என்று 1960-ல் எழுதினார்கள். 1962-ல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் டுவாலும் ஃபோகல்சனும் ஸ்வீடன், கானடா, அமெரிக்கா மூன்றின் கணக்குகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். 2 அங்குலம், அதாவது சுமார் 50 மில்லிமீட்டர், உலகம் முழுவதும் வேதவாக்காயிற்று.

வீடு பத்திரமாயிருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் எண், ஜனங்கள் விட்டுப் போன வீடுகளில் கண்டெடுத்தது. அந்தக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு புது ஊருக்குப் போன அதே ஆண்டுகளில்தான் நெய்வேலிச் சீமையிலும் கிராமத்து ஜனங்கள் சுரங்கத்துக்கும் நகருக்குமாக நிலத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்து கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஆனால் அங்கே ஆளற்ற வீட்டில் பிறந்த எண், இங்கே நகராமல் எஞ்சியிருந்தவர்களின் வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்து சேர்ந்தது.

அளவு கிடைத்துவிட்டது. இனி, வேட்டு வைப்பதற்கு முன்பே அதிர்வைச் சொல்லும் கணக்கு வேண்டும். 1971-ல் நிக்கல்ஸ், ஜான்சன், டுவால் மூவரும் அதே அமெரிக்கத் துறையில் பத்து வருஷ வேலையை ஒரு நூலாக வெளியிட்டார்கள். அதன் சாரத்தை நம் வீட்டுப் பிள்ளைகளும் புரிந்து கொள்ளலாம். தூரத்தை மீட்டரில் எடுத்துக் கொள்ளுங்கள். மருந்தின் எடையைக் கிலோவில் எடுத்து அதன் வர்க்க மூலத்தைக் காணுங்கள். தூரத்தை அதனால் வகுத்தால் ஓர் எண் வரும். 100 கிலோ மருந்து, 500 மீட்டர் தூரம் என்றால், 500-ஐ 10-ஆல் வகுத்து 50. 400 கிலோ, 1,000 மீட்டர் என்றாலும் அதே 50தான். இந்த எண் ஒன்றாயிருந்தால் அதிர்வும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கும். அதாவது, மருந்தை நான்கு மடங்கு ஆக்கினால் இரண்டு மடங்கு தூரம் விலக வேண்டும்.

அந்த எண் பெருகப் பெருக அதிர்வு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே இரண்டு மாறிலிகள் வருகின்றன. ஒன்று, வேட்டின் ஆரம்ப பலத்தையும் மண்ணின் குணத்தையும் சேர்த்துச் சொல்வது. மற்றொன்று, தூரம் போகப் போக மண் எவ்வளவு அதிர்வை விழுங்குகிறது என்று சொல்வது. இந்த இரண்டும் எந்தப் புத்தகத்திலும் அச்சடித்துக் கிடைப்பவை அல்ல. சுரங்கத்தில் பல வேட்டுகள் வைத்து, பல தூரங்களில் கருவிகளை நிறுத்தி, புள்ளி புள்ளியாகத் தாளில் குறித்து, நடுவில் கோடு இழுத்துத்தான் அவற்றைப் பெற வேண்டும். புள்ளிகள் கோட்டின் மேல் சமர்த்தாக உட்காருவதில்லை. மேலும் கீழுமாகச் சிதறும். விவேகமுள்ள என்ஜினீயர் நடுக்கோட்டை நம்பி மருந்து வைக்கமாட்டார். பெரும்பாலான புள்ளிகளுக்கு மேலே இன்னொரு கோடு இழுத்து, அதை நம்புவார். பாதி வேட்டுகள் நடுக்கோட்டுக்கு மேலே போகுமே! ஊர்க்காரனுக்கு நினைவிருப்பது அந்தப் பாதிதான்.

நெய்வேலித் தண்ணீரைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த மண்ணின் நீரழுத்தத்தை அந்த மண்ணிலேயே இறைத்துப் பார்த்து அறிந்தது போலவே, அந்த மண்ணின் அதிர்வையும் அந்த மண்ணைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஓஹியோவின் சுண்ணாம்புக் கல் கடலூர் மணற்பாறைக்காகப் பேசாது.

மருந்தைக் குறைக்காமலே அதிர்வைக் குறைக்கும் தந்திரம் ஒன்றும் உண்டு. 1940-களில் வழக்கத்துக்கு வந்த தாமத வெடிப்பிகள் அதைச் செய்கின்றன. எல்லாத் துளைகளும் ஒரே சமயத்தில் வெடிக்காமல், வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் இருபது, இருபத்தைந்து பங்கு இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். காதுக்கு ஒரே வேட்டுதான். பூமிக்குப் பல சிறு வேட்டுகள். ஆகவே கணக்கில் சேர்க்க வேண்டியது மொத்த மருந்தை அல்ல. ஒரே தாமதத்தில் வெடிக்கும் மருந்தை மட்டுமே. ஆயிரத்தில் 8 பங்குக்குள் வெடிப்பவற்றை ஒரே வேட்டாகக் கொள்வது வழக்கம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1973-ல் இந்திய தர நிர்ணய நிறுவனம் 6922 என்ற எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. அதில் கணிக்கும் சூத்திரமும் இருந்தது, எல்லையும் இருந்தது. மண்ணும் மிருதுவான பாறையும் உள்ள இடத்தில் கட்டடத்துக்கு வினாடிக்கு 70 மில்லிமீட்டர். கெட்டிப் பாறையில் 100. ஸ்வீடனின் 71-க்கும் இந்த 70-க்கும் உள்ள நெருக்கம் கண்ணில் படாமல் போகாது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்வீடன்காரர்கள் சொன்னது பாறைமேல் நின்ற வீட்டுக்கு. இங்கே 70 சொன்னது மண்மேல் நிற்கும் கட்டடத்துக்கு.

அந்தச் சூத்திரத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரே தாமதத்தில் 100 கிலோ மருந்து, 500 மீட்டர் தூரம், மிருதுவான நிலம். விடை சுமார் 17 மில்லிமீட்டர். எல்லையோ 70. கால் பங்குகூட இல்லை! என்ஜினீயர் மனச்சாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போட்டிருப்பார். ஊர்க்காரன் புகார் கொண்டு வந்தால், மரியாதையாக உட்கார வைத்து, காகிதத்தைக் காட்டி அனுப்பியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. காகிதம் அப்படித்தான் சொல்லிற்று.

1980-ல் அந்தக் காகிதத்தின் அடியில் இருந்த பூமி நகர்ந்தது. சிஸ்கைண்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்கத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகில் இருந்த வீடுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பழைய எண்கள் அதிர்வின் பலத்தை மட்டும் பார்த்தன. இவர்கள் அதன் தாளத்தையும் பார்த்தார்கள். ஊஞ்சலை ஆட்டுகிறவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். ஊஞ்சல் தன் இயல்பில் போய் வரும் தாளத்தோடு இணைந்து, சுண்டு விரலால் தள்ளினாலும் அது உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் முழு பலமும் வீண். வீட்டுக்கும் ஒரு தாளம் உண்டு. சாதாரண வீடு வினாடிக்கு 4 முதல் 12 தடவை ஆடும் இயல்புடையது. குவாரியின் கெட்டிப் பாறையில் வைத்த வேட்டு படபடவென்று வேகமாக ஆட்டும். வீடு அதோடு சேர்ந்து ஆடாது. மண்ணும் மிருதுவான பாறையும் கனமாகப் படிந்த நிலக்கரிப் பூமியில், தூரத்து வேட்டு நிதானமான தாளத்தில் வந்து சேரும். அது வீட்டின் தாளத்தோடு இணைந்தால் வீடு ஊஞ்சலாகிவிடும்.

ஆகவே நிதானமாக ஆட்டும் அதிர்வுக்கு 2 அங்குலம் செல்லாது என்றார்கள். புது மாதிரிப் பலகைச் சுவர் வீட்டுக்கு முக்கால் அங்குலம். பழைய காரைப் பூச்சு வீட்டுக்கு அரை அங்குலம். வினாடிக்கு 40 தடவைக்கு மேல் ஆடும் அதிர்வுக்கு மட்டுமே பழைய 2 அங்குலம் நிலைத்தது. 1962-லிருந்து 1980 வரையில் பதினெட்டு வருஷம், நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கத்தில் குடியிருந்து, "ஐயா, என் வீடு ஊஞ்சல்போல் ஆடுகிறது" என்று சொன்னவர்களுக்கெல்லாம் 2 அங்குலக் கணக்கு காட்டப்பட்டது. அவர்களில் எல்லாரும் சரியாகச் சொன்னார்கள் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் ஊஞ்சல் என்ற அவர்களுடைய சொல்லில், விஞ்ஞானம் பின்னால் கண்டுபிடித்த விஷயம் இருந்தது.

நம் நாட்டில் 1997 ஆகஸ்ட் 29-ல் தன்பாதிலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 7-ஆம் எண் சுற்றறிக்கையை அனுப்பியது. அதில் தாளத்துக்கும் இடம் கிடைத்தது. வீட்டுக்காரன் யார் என்பதற்கும் இடம் கிடைத்தது. சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு, மண் வீடாயினும் செங்கல் சிமெண்டு வீடாயினும், அதிர்வு வினாடிக்கு 8 தடவைக்குக் குறைவானால் 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. சரித்திரச் சின்னங்களுக்கு 2, 5, 10. சுரங்கத்துக்கே சொந்தமான, ஆயுள் குறைந்த வீடுகளுக்கு 10, 15, 25. சொந்த வீட்டை இரு மடங்கு ஆட்டிக் கொள்ளலாம். அயலான் வீட்டை ஆட்டக் கூடாது. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சட்டத்தின் பாஷையில் இவ்வளவு அயலாரன்பைக் காண்பது அபூர்வம்.

முன்பு போட்ட கணக்கை மறுபடி எடுத்துக் கொள்ளுங்கள். 70-க்கு எதிரே சாதுவாகத் தோன்றிய அந்த 17 மில்லிமீட்டர், நிதானமான தாளத்தில் வந்தால், 5-க்கு எதிரே மூன்று மடங்குக்கு மேல். வேட்டும் வீடும் தூரமும் மாறவில்லை. மாறியது அளவு மட்டுமே. பரிகாரமும் அதே கணக்கில் இருக்கிறது. அந்த 100 கிலோவை நான்கு தாமதங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 25 கிலோ வைத்தால் விடை சுமார் ஐந்தரைக்கு இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம் பிரித்தால் எல்லைக்குள் வந்துவிடும். கூடுதல் வெடிப்பிகளும் கூடுதல் உழைப்பும்தான் அதற்கு விலை.

இதோடு நிறுத்தினால் நான் ஒரு கட்சிக்காரனாகிவிடுவேன். மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1984-ல் அதே அமெரிக்கத் துறையார் இன்னொரு அறிக்கை வெளியிட்டார்கள். இண்டியானா மாகாணத்தில், நகர்ந்து வரும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிரே ஒரு வீட்டைப் புதிதாகவே கட்டி, இரண்டு வருஷம் காத்திருந்து, 587 வேட்டுகளை அளந்தார்கள். சுவரில் ஒட்டிய கருவிகள் வேட்டை மட்டும் குறிக்கவில்லை. கதவை ஓங்கிச் சாத்துவது, உள்ளே குதிப்பது, வெயில் ஏறி இறங்குவது, காற்றின் ஈரம் மாறுவது எல்லாவற்றையும் குறித்தன. இவற்றால் சுவர் படும் பாடு, வினாடிக்கு 1.2 முதல் 3 அங்குல அதிர்வு தரும் பாட்டுக்குச் சமம் என்று தெரிந்தது. கடைசியில் யந்திரம் வைத்துக் குலுக்கினார்கள். 56,000 தடவை குலுக்கிய பிறகே அசதியினால் முதல் விரிசல் விழுந்தது. தினம் இரண்டு வேட்டு வீதம், அரை அங்குல அதிர்வில், 28 வருஷம் ஆட்டியதற்கு அது ஒப்பாகும்.

ஆகவே சூரியனும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன்தான். அஸ்திவாரத்துக் களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்குவதும், மேஸ்திரி சிமெண்டில் சிக்கனம் பிடித்ததும் சாட்சிக் கூண்டுக்கு வர வேண்டும். வேட்டின் ஓசை காற்று வழியாக வந்து ஜன்னலைக் கடகடக்கச் செய்யும்போது, பூமியே ஆடிவிட்டதாக நமக்குத் தோன்றும். வேட்டு நடந்த மறு நிமிஷம் நாம் சுவரைப் பார்க்கிறோம்; அதுவரை பார்த்ததில்லை. நேற்றே இருந்த கோடு இன்று கண்ணில் படுகிறது.

ஆனால் இண்டியானா வீடு மரச் சட்டமும் பலகையுமாக எழுப்பியது. நம் பக்கத்தில் செங்கல்லை மண் சாந்தில் அடுக்கி, ஓட்டையோ கீற்றையோ மேலே போட்ட வீடும் வீடுதான். கானடாவின் எண்ணை இங்கே கொண்டு வந்து ஊர்க்காரனுக்குத் தீர்ப்பளித்தது தவறானால், இண்டியானாவின் எண்ணைக் கொண்டு வந்து அளிப்பதும் அதே தவறுதான்.

மனிதன் அரை மில்லிமீட்டரை உணர்கிறான். அயலார் வீட்டுக்கான சட்டம் 5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. அங்கே ஊர்க்காரன் "ஆடிற்று" என்பதும் உண்மை. என்ஜினீயர் "சேதமில்லை" என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளும் சண்டை போட்டுக் கொள்வது, ஒருவர் கையிலுள்ள காகிதத்தை மற்றவர் பார்க்காததால்தான். என்னைக் கேட்டால், இதற்குப் புதிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். சுரங்கம் நகர்ந்து வரும் திசையில் உள்ள ஊரில், அது வருவதற்கு முன்பே வீடு வீடாகப் போய், இருக்கிற விரிசல்களையெல்லாம் வீட்டுக்காரன் முன்னிலையில் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ள வேண்டும். அளக்கும் கருவியை, சுற்றறிக்கையே சொல்வதுபோல், அந்த வீட்டு அஸ்திவாரத்தின் அருகில் வைக்க வேண்டும். அதில் விழும் எண்ணை அன்று மாலையே ஊர்ச் சாவடியில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

பென்சிலால் விரிசலைக் குறித்து வைத்திருக்கிறானே அந்த வீட்டுக்காரன், அவனும் ஒரு வகையில் ஆராய்ச்சிக்காரன்தான். தேதி போட்டுக் குறித்திருந்தால் அவன் கோட்டையும் கருவியின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சில நாள் அவன் கட்சி ஜெயிக்கும், சில நாள் சுரங்கத்தின் கட்சி. எது ஜெயித்தாலும், தன் வீட்டைப் பற்றிய கணக்கு தன் வீட்டு மண்ணில் எடுத்தது என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.